ஏவுகணையை ஏவுகணை வீழ்த்துமா? 70 ஆண்டுத் தேடலின் வரலாறு



தொலைக்காட்சியில் மகாபாரதத் தொடரைப் பார்க்காத தமிழர் வீடுகள் குறைவு. ஒருவர் அம்பு விடுவார். எதிரில் நிற்பவரும் ஓர் அம்பு விடுவார். இரண்டும் நடு வானில் மோதித் தீப்பொறி பறக்கும். அதை நாம் கதை என்று ரசித்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுவோம். ஆனால், அந்தக் காட்சியை நிஜத்தில் செய்து காட்ட வேண்டும் என்று ஒரு நாடு கடந்த 70 ஆண்டுகளாகப் பாடுபட்டு வருகிறது. அந்த நாடு அமெரிக்கா.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைத் தரையிலிருந்து இன்னோர் ஏவுகணையை அனுப்பி விண்ணிலேயே அழிப்பதுதான் நோக்கம். இந்தத் தடுப்பு ஏவுகணைகளை அமெரிக்கா பலமுறை உருவாக்கியது, பலமுறை கைவிட்டது, மீண்டும் உருவாக்கியது. அந்த வரிசையில் ஆகப் புதியதை வடிவமைக்கும் பொறுப்பு 2024 ஏப்ரல் மாதம் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது.

இது ராணுவ நிபுணர்களின் விவகாரம், நமக்கு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். இந்த வரலாற்றில் ஏவுகணைகளை விட மனிதர்களின் அவசரம்தான் அதிகமாகப் பேசுகிறது. "நம்மைக் காக்க ஒரு கவசம் இருக்கிறது" என்று ஒரு தலைவர் நம்புவதற்கும், அந்தக் கவசம் உண்மையில் எவ்வளவு தாங்கும் என்பதற்கும் உள்ள இடைவெளியே இன்றைய உரையின் பொருள்.

தடுக்க முடியாத ஆயுதம்

1944-ஆம் ஆண்டு செப்டம்பர் 8-ஆம் தேதி லண்டன் நகரில் ஜெர்மனியின் வி-2 ஏவுகணை விழுந்தது. அதற்கு முன் வந்த விமானங்களையும், வி-1 எனும் பறக்கும் குண்டுகளையும் பீரங்கியால் சுட முடிந்தது. வி-2 ஒலியை விட வேகமாக வந்தது. முதலில் வெடிக்கும், பிறகுதான் அது வந்த சத்தம் கேட்கும். பதுங்கு குழிக்கு ஓடுவதற்குக்கூட நேரம் இல்லை. அதை ஏவும் இடத்தைத் தேடி அழிப்பதைத் தவிர பிரிட்டனுக்கு வேறு வழி இருக்கவில்லை.

போர் முடிந்த பின், அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அதே வி-2 தொழில்நுட்பத்தை எடுத்து வளர்த்தன. 1957 ஆகஸ்ட்டில் சோவியத் யூனியன் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. அக்டோபரில் அதே வகை ராக்கெட்டின் மூலம் ஸ்புட்னிக் விண்ணில் பறந்தது. சுமார் 30 நிமிடங்களில் ஓர் அணுகுண்டு ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்திற்கு வந்துவிடும் என்ற நிலை உருவானது. அதைத் தடுக்க முடியுமா என்ற கேள்வியும் அத்துடன் சூடு பிடித்தது.

"அருகில் போனால் போதும்"

அமெரிக்காவின் முதல் முயற்சியின் பெயர் நைக் ஸியூஸ். 1955-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய ஆய்விலிருந்து அது பிறந்தது. 1962 ஜூலை 19-ஆம் தேதி கலிபோர்னியாவிலிருந்து அட்லஸ் ஏவுகணை ஒன்று இலக்காக அனுப்பப்பட்டது. பசிபிக் பெருங்கடலில் உள்ள மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவளத்தீவிலிருந்து நைக் ஸியூஸ் அதை எதிர்கொண்டது. இரண்டும் மோதிக்கொள்ளவில்லை. தடுப்பு ஏவுகணை இலக்கிலிருந்து சுமார் 2 கிலோ மீட்டர் தள்ளிக் கடந்து சென்றது. ஆனாலும், அது வெற்றி என்றே எழுதப்பட்டது.

காரணம் இதுதான். போர்க்காலத்தில் அந்தத் தடுப்பு ஏவுகணையின் தலையிலும் ஓர் அணுகுண்டு இருக்கும். அருகில் போய் வெடித்தாலே போதும் என்பது அன்றைய கணக்கு. அணுகுண்டை அணுகுண்டால் தடுப்பது, அதுவும் தன் சொந்த மக்களின் தலைக்கு மேலே! அதே மாதம் 9-ஆம் தேதி அமெரிக்கா பசிபிக் கடலுக்கு மேலே 400 கிலோ மீட்டர் உயரத்தில் ஓர் அணுகுண்டைச் சோதனைக்காக வெடித்தபோது, ஏறத்தாழ 1,400 கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்த ஹவாய் தீவில் தெரு விளக்குகள் அணைந்தன. வானில் வெடிக்கும் அணுகுண்டு மின்சாரக் கருவிகளையும் ரேடார்களையும் என்ன பாடு படுத்தும் என்பது அன்று தெரிந்தது.

சோவியத் யூனியன் சும்மா இருக்கவில்லை. கிரிகோரி கிசுன்கோ தலைமையிலான குழுவினர் 1961 மார்ச் 4-ஆம் தேதி கஸக்ஸ்தான் பாலைவனத்தில் வி-1000 என்ற ஏவுகணையால் ஓர் ஆர்-12 ஏவுகணையின் வெடிமுனையை வானில் தகர்த்தார்கள். அணுகுண்டு இல்லாமல், சிதறும் உலோகத் துண்டுகளைக் கொண்டே இதைச் செய்தார்கள். பாய்ந்து வரும் ஏவுகணையை வீழ்த்திய முதல் நிகழ்வு அதுவே.

இந்த இடத்தில் ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. குவாஜலின் ஆளில்லாத இடம் அல்ல. இலக்கு ஏவுகணைகள் வந்து விழும் பகுதியில் இருந்த சிறு தீவுகளின் மக்கள் 1960-களில் இடம்பெயர்க்கப்பட்டு, எபாய் என்ற தீவில் குடியமர்த்தப்பட்டார்கள். ஒரு சதுர கிலோ மீட்டரில் பாதிகூட இல்லாத எபாயில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழ நேர்ந்தது. 1982-இல் சுமார் ஆயிரம் பேர் படகேறிப் போய்த் தங்கள் சொந்தத் தீவுகளில் குடியேறிப் போராட்டம் நடத்தினார்கள். கவசம் வேறொருவருக்கு. அதற்கு இடம் கொடுத்தவர்கள் இவர்கள்.

மாயமான் பிரச்சினை

நைக் ஸியூஸ் களத்திற்கு வரவில்லை. 1963-இல் தற்காப்பு அமைச்சர் ராபர்ட் மெக்னமாரா அதை நிறுத்தினார். ஒரே நேரத்தில் பல இலக்குகள் வந்தால் அதன் ரேடார்களால் சமாளிக்க முடியாது என்பது ஒரு காரணம். பொய் இலக்குகளைப் பிரித்தறிய முடியாது என்பது மற்றொரு காரணம்.

இரண்டாவது காரணத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம். ஏனெனில், 70 ஆண்டுக் கதையின் முடிச்சே இங்குதான் இருக்கிறது.

கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையின் பயணத்தில் மூன்று கட்டங்கள் உள்ளன. முதல் சில நிமிடங்கள் ராக்கெட் எரிந்து மேலே ஏறும். பிறகு ஏறக்குறைய 20 நிமிடங்கள் வெடிமுனை மட்டும் காற்றில்லாத விண்வெளியில் மிதந்து செல்லும். கடைசி ஒரு நிமிட அளவில் காற்று மண்டலத்திற்குள் புகுந்து விழும். தடுப்பதற்கு அதிக நேரம் கிடைப்பது நடுக்கட்டத்தில்தான். ஆனால், அங்கே காற்று இல்லை. காற்று இல்லாத இடத்தில் இறகும் இரும்பும் ஒரே வேகத்தில் செல்லும் என்பது நாம் பள்ளியில் படித்த பாடம். ஆகவே, எதிரி தன் வெடிமுனையோடு பத்து பலூன்களையும் ஊதி விட்டால், பதினொன்றும் ஒன்றாகவே பயணம் செய்யும். வெடிமுனையையே ஒரு பலூனுக்குள் மறைத்தும் அனுப்பலாம். எது மெய், எது பொய்?

ராமாயணத்தில் மாரீசன் பொன்மானாக வந்தான். அம்பு குறி தவறவில்லை, சரியாகத்தான் பாய்ந்தது. ஆனால், அது பாய்ந்தது மாயமான் மீது. அதற்குள் ஆசிரமத்தில் நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. தடுப்பு ஏவுகணை வல்லுநர்களின் பயமும் இதுதான்.

1968 மார்ச் மாதம் ஹான்ஸ் பெத்தே, ரிச்சர்ட் கார்வின் ஆகிய இரு இயற்பியலாளர்கள் சைன்டிபிக் அமெரிக்கன் சஞ்சிகையில் இதை விரிவாக எழுதினார்கள். பெத்தே முந்தின ஆண்டுதான் நோபல் பரிசு பெற்றவர். இருவருமே அமெரிக்க அணு ஆயுதத் துறையில் பணியாற்றியவர்கள். எனவே, வெளியிலிருந்து குறை சொல்லும் மனிதர்கள் என்று இவர்களை ஒதுக்க முடியவில்லை. கவசத்தைச் செய்வதை விட அதை ஏமாற்றுவது மலிவு என்பதே அவர்கள் வாதத்தின் சாரம்.

ஓர் ஓட்டில் பிழைத்தது, ஒரு நாளில் வீழ்ந்தது

இருந்தும் அரசியல் வேறு திசையில் சென்றது. 1967-இல் சென்டினல் என்ற திட்டம் அறிவிக்கப்பட்டது. பெரிய நகரங்களுக்கு அருகே தடுப்பு ஏவுகணைகளை வைப்பது அதன் ஏற்பாடு. தங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் அணுகுண்டா என்று பாஸ்டன், சிகாகோ, சியாட்டல் வட்டாரங்களில் மக்கள் எதிர்த்தார்கள். 1969-இல் பதவிக்கு வந்த அதிபர் நிக்சன், திட்டத்தின் பெயரை சேஃப்கார்ட் என்று மாற்றினார். மக்கள் குறைந்த பகுதிகளில் உள்ள ஏவுகணைத் தளங்களைப் பாதுகாப்பதே நோக்கம் என்றும் மாற்றினார். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் செனட் சபையில் ஓட்டுகள் 50-க்கு 50 என்று சமமாக நின்றன. துணை அதிபர் ஆக்னியூவின் ஓர் ஓட்டினால் திட்டம் பிழைத்தது.

இதற்கிடையே 1972 மே 26-ஆம் தேதி மாஸ்கோவில் நிக்சனும் சோவியத் தலைவர் பிரெஷ்னேவும் ஏபிஎம் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள். ஒவ்வொரு நாடும் இரண்டு தளங்களில் தலா 100 தடுப்பு ஏவுகணைகளை மட்டுமே வைத்துக்கொள்ளலாம். 1974-இல் அது ஒரு தளமாகக் குறைக்கப்பட்டது. கேட்பவர்களுக்கு இது விந்தையாக இருக்கும். கேடயத்திற்குப் போய் யாராவது கட்டுப்பாடு போடுவார்களா? அவர்கள் நினைத்தது இப்படித்தான்: ஒருவர் கேடயம் செய்தால், மற்றவர் அதைத் துளைக்க மேலும் ஆயிரம் அம்புகளைச் செய்வார். கேடயம் இல்லையென்றால் அம்புகளும் ஓர் அளவோடு நிற்கும்.

அமெரிக்காவின் அந்த ஒற்றைத் தளம் வட டகோட்டா மாநிலத்தில் நெகோமா என்ற சிற்றூருக்கு அருகே எழுந்தது. சுமார் 6 பில்லியன் டாலர் செலவானது. 1975 அக்டோபர் 1-ஆம் தேதி அது முழு அளவில் செயல்படத் தொடங்கியது. மறுநாளே, அக்டோபர் 2-ஆம் தேதி, மக்களவை அதை மூட வாக்களித்தது! சோவியத் யூனியன் ஒரே ஏவுகணையில் பல வெடிமுனைகளை வைக்கத் தொடங்கிய பிறகு, 100 தடுப்பு ஏவுகணைகளால் என்ன பயன் என்ற கேள்விக்குப் பதில் இல்லை. தலை வெட்டிய பிரமிடு போன்ற அதன் ரேடார் கட்டடம் கோதுமை வயல்களின் நடுவே பல பத்தாண்டுகள் கேட்பாரற்று நின்றது.

வெடிக்காமல் மோதும் புதிய வழி

1983 மார்ச் 23-ஆம் தேதி அதிபர் ரீகன் தொலைக்காட்சியில் தோன்றி, அணு ஏவுகணைகளைச் செயலற்றதாக்கும் ஆய்வில் இறங்குமாறு விஞ்ஞானிகளுக்கு அழைப்பு விடுத்தார். அதற்கு "நட்சத்திரப் போர்" என்று பத்திரிகைகள் பெயர் சூட்டின. லேசர் கதிர்கள், விண்வெளி ஆயுதங்கள் என்று பேசப்பட்டவை பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டன. ஆனால், ராணுவம் செய்த ஒரு சிறிய சோதனை நிலைத்தது.

1984 ஜூன் 10-ஆம் தேதி, மூன்று தோல்விகளுக்குப் பிறகு நான்காம் முறையாக, குவாஜலினிலிருந்து சென்ற ஒரு கலம் விண்வெளியில் இலக்கின் மீது நேராக மோதியது. அதில் வெடிமருந்து எதுவும் இல்லை. மோதும் வேகமே அழிவுக்குப் போதும். ஒரு தோட்டாவை இன்னொரு தோட்டாவால் அடிப்பது போன்ற வேலை. இந்த முறைக்கு அணுகுண்டு தேவையில்லை என்பது பெரிய முன்னேற்றம்தான். அதே சமயம், அன்றைய இலக்கு எளிதாகக் கண்ணில் படும்படி முன்கூட்டியே சூடாக்கப்பட்டிருந்தது என்று 1994-இல் அமெரிக்க காங்கிரஸின் தணிக்கை அலுவலகம் தெரிவித்ததையும் நாம் மறந்துவிடக் கூடாது.

தயாராகும் முன்பே குறிக்கப்பட்ட நாள்

சோவியத் யூனியன் உடைந்த பின் புதிய கவலை வந்தது. 1998 ஆகஸ்ட் 31-ஆம் தேதி வட கொரியாவின் தேப்போடோங் ஏவுகணை ஜப்பானைக் கடந்து பசிபிக் கடலில் விழுந்தது. ஆயிரம் வெடிமுனைகளைத் தடுக்க முடியாவிட்டாலும், ஒன்றிரண்டு வெடிமுனைகளையாவது தடுக்க வேண்டாமா என்ற வாதத்திற்கு வலுவேறியது. இந்த வாதத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தன் மக்களைக் காக்கும் பொறுப்பில் உள்ள எந்த அதிபரும் "என்னிடம் ஒன்றுமே இல்லை" என்று சொல்ல விரும்ப மாட்டார்.

ஆனால், அதே 1998-இன் தொடக்கத்தில் ஓய்வு பெற்ற விமானப்படைத் தளபதி லேரி வெல்ச் தலைமையிலான ஒரு குழு எச்சரிக்கை விடுத்திருந்தது. போதிய சோதனை இல்லாமல் ஏவுகணைத் தடுப்புத் திட்டங்களை முடுக்குவது தோல்வியை நோக்கி ஓடும் அவசர ஓட்டம் என்பது அக்குழுவின் தீர்ப்பு.

1999 அக்டோபரில் நடந்த முதல் மோதல் சோதனை வெற்றி பெற்றது. 2000 ஜனவரியில் நடந்தது தோற்றது. மோதும் கலத்தின் அகச்சிவப்புக் கண்ணைக் குளிர்விக்கும் குழாயில் அடைப்பு. அந்த ஆண்டு ஜூலையில் நடந்ததும் தோற்றது. ராக்கெட்டிலிருந்து கலமே பிரியவில்லை. அன்று இலக்கோடு அனுப்பிய ஏமாற்றுப் பலூனும் ஊதாமல் போனது! செப்டம்பர் முதல் தேதி அதிபர் கிளிண்டன், முடிவை அடுத்த அதிபருக்கு விட்டுவிடுவதாக அறிவித்தார்.

அடுத்து வந்த ஜார்ஜ் புஷ் தயங்கவில்லை. 2001 டிசம்பரில் ஏபிஎம் உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக நோட்டீஸ் கொடுத்தார். 2002 ஜூன் 13-ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. இரண்டு நாட்களில் அலாஸ்காவின் ஃபோர்ட் கிரீலியில் குழி தோண்டும் வேலை தொடங்கியது. 2004-க்குள் தடுப்பு ஏவுகணைகளை நிறுத்த வேண்டும் என்று நாளும் குறிக்கப்பட்டது. முதல் ஏவுகணை 2004 ஜூலையில் குழிக்குள் இறங்கியது. அதே டிசம்பரிலும், 2005 பிப்ரவரியிலும் நடந்த சோதனைகளில் தடுப்பு ஏவுகணை தன் குழியை விட்டே கிளம்பவில்லை.

இந்த ஏவுகணையைப் பற்றிச் சில விவரங்கள். மூன்று அடுக்குத் திட எரிபொருள் ராக்கெட். சுமார் 16 மீட்டர் உயரம், 20 டன்னுக்கு மேல் எடை. அதன் உச்சியில் இருக்கும் மோதும் கலத்தின் எடையோ சுமார் 64 கிலோ. நம்மில் ஒருவரின் எடைதான். அந்தச் சிறு பெட்டிக்குள் கண், மூளை, திசை திருப்பும் சிறு ராக்கெட்டுகள் எல்லாம் அடங்க வேண்டும். வினாடிக்குப் பல கிலோ மீட்டர் வேகத்தில் எதிரே வரும் ஒரு கூம்பை அது தானாகவே அடையாளம் கண்டு மோத வேண்டும்.

அப்படிப்பட்ட கலத்தை நாள் குறித்து அவசரமாகச் செய்ததன் விளைவு பின்னர் தெரிந்தது. மேம்படுத்தப்பட்ட இரண்டாம் வகைக் கலங்கள் 2008 வாக்கிலேயே குழிகளில் வைக்கப்பட்டன. ஆனால், 2010-இல் ஜனவரி, டிசம்பர் என இருமுறை நடந்த சோதனைகளிலும் அந்த வகை தோற்றது. இரண்டாம் தோல்விக்குக் காரணம், கலத்தின் சிறு ராக்கெட்டுகள் எழுப்பிய அதிர்வு அதன் வழிகாட்டும் கருவியைக் குழப்பியது. முதல் வெற்றி 2014 ஜூன் மாதம்தான் வந்தது. அதாவது, ஆறு ஆண்டுகள் அந்த வகைக் கலங்கள் ஒரு மோதல் சோதனையிலும் தேறாமலே காவலுக்கு நின்றன.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதன் பிறகு முன்னேற்றம் இருந்தது. 2017 மே மாதம் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைக்கு இணையான இலக்கு முதன்முறையாக வீழ்த்தப்பட்டது. 2019 மார்ச் மாதம் அடுத்தடுத்து ஏவிய இரண்டு தடுப்பு ஏவுகணைகளும் குறியைத் தொட்டன. 2023 டிசம்பரில் நடந்த சோதனையும் வென்றது. 1999 முதல் நடந்த சுமார் 20 மோதல் சோதனைகளில் பாதிக்குச் சற்று மேல் வெற்றி. இவை எல்லாம் நேரமும் இடமும் முன்கூட்டியே திட்டமிடப்பட்ட சோதனைகள் என்பது குறிப்பிடத்தக்கது.

கணக்கில் ஒளிந்திருக்கும் ஓட்டை

பாதிக்குப் பாதி என்றால் என்ன, ஒன்றுக்கு நான்கு ஏவினால் போயிற்று என்பார்கள் சிலர். கணக்குப்படி நான்கும் தவறும் வாய்ப்பு 16-இல் ஒன்றுதான். ஆனால், அந்தக் கணக்கு ஒரு நிபந்தனையில் நிற்கிறது: ஒன்றின் தவறுக்கும் மற்றொன்றின் தவறுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒரே அச்சில் வார்த்த நான்கு பானைகளிலும் ஒரே இடத்தில் ஓட்டை இருந்தால், நான்கு பானை வைத்தும் தண்ணீர் நிற்காது. நான்கும் ஒரே பலூனை மெய்யென்று நம்பினாலும் அதே கதிதான்.

மேலும், 2017 இறுதியில் அலாஸ்காவில் 40, கலிபோர்னியாவில் 4 என மொத்தம் 44 தடுப்பு ஏவுகணைகள் இருந்தன. ஒன்றுக்கு நான்கு வீதம் செலவிட்டால், 11 வெடிமுனைகளோடு கையிருப்பு தீர்ந்துவிடும்.

இந்நிலையில்தான் 2017 அக்டோபரில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அதிபர் டிரம்ப், நம்மிடம் உள்ள ஏவுகணைகள் 97 விழுக்காடு குறி தவறாமல் வீழ்த்தும் என்றார். வட கொரியாவோடு வார்த்தைப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. சோதனைக் களம் சொன்ன கணக்கு வேறு, அதிபரின் வாயிலிருந்து வந்த கணக்கு வேறு. 97 விழுக்காடு என்று நம்புகிறவர் எடுக்கும் முடிவும், பாதிக்குப் பாதி என்று அறிந்தவர் எடுக்கும் முடிவும் ஒன்றாக இருக்குமா? நெருக்கடி நேரத்தில் அந்த வித்தியாசம் லட்சக்கணக்கான உயிர்களின் வித்தியாசம்.

மீண்டும் ஒரு புதிய அம்பு

பழைய கலத்தைத் திருத்தித் திருத்திப் பயன்படுத்துவதை விட, புதிதாகவே ஒன்றைச் செய்யலாம் என்று 2010-களின் நடுவில் ஒரு திட்டம் தொடங்கியது. காலத்தை மிச்சப்படுத்த, வேறு ஏவுகணைக்கென உருவாக்கப்பட்ட பாகங்களையும் கடையில் கிடைக்கும் பாகங்களையும் பயன்படுத்த எண்ணினார்கள். அவை விண்வெளியில் தாங்குமா என்ற கேள்வி பிறகு எழுந்தது. 2019 ஆகஸ்ட்டில் பென்டகன் அந்தத் திட்டத்தையே ரத்து செய்தது. அதற்குள் சுமார் 1.2 பில்லியன் டாலர் செலவாகியிருந்தது. இங்கும் அவசரமே வினையானது.

அதன் பிறகு வந்ததுதான் இன்று பேசப்படும் அடுத்த தலைமுறைத் தடுப்பு ஏவுகணை. 2021 மார்ச் 23-ஆம் தேதி, ரீகன் உரையாற்றிய அதே நாளில், 38 ஆண்டுகள் கழித்து, நார்த்ராப் கிரம்மன், லாக்ஹீட் மார்ட்டின் ஆகிய இரு நிறுவனங்களிடம் வடிவமைப்பு ஒப்படைக்கப்பட்டது. இரு நிறுவனங்களையும் போட்டி போட விட்டு, நல்லதைத் தேர்ந்தெடுப்பது எண்ணம். 2024 ஏப்ரலில் லாக்ஹீட் மார்ட்டின் தேர்வானது.

இதன் புதுமை என்ன? ஒரே ஏவுகணையில் பல மோதும் கலங்கள் செல்லும். எது மெய், எது பொய் என்று தெரியாவிட்டால், சந்தேகப்படும் எல்லாவற்றையும் அடித்துவிடலாம் என்பதே உத்தி. மாரீசன் எந்த மான் என்று தெரியாவிட்டால், மந்தை முழுவதற்கும் அம்பு விடுவது போல. இந்த யோசனையும் புதிதல்ல. 2000-களில் தொடங்கி, 2009-இல் கைவிடப்பட்டதுதான்.

விலையைக் கேட்டால் தலை சுற்றும். 2021-இல் பென்டகனின் செலவு மதிப்பீட்டுப் பிரிவு போட்ட கணக்கின்படி, ஆய்வு, தயாரிப்பு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 18 பில்லியன் டாலர். சோதனைக்கு 10, களத்திற்கு 21 என்று பிரித்தால், பராமரிப்பு நீங்கலாக, சராசரியாக ஒன்றின் விலை 498 மில்லியன் டாலர். எதிராளி அனுப்பும் பலூனின் விலையை யாரும் மதிப்பிடவில்லை. அதற்குத் தேவையும் இல்லை.

முதல் ஏவுகணை 2028 இறுதிக்குள் குழியில் இருக்க வேண்டும் என்று இதற்கும் நாள் குறித்தார்கள். 2025-இல் டிரம்ப் அறிவித்த "தங்கக் கூரை" திட்டம், தரையோடு விண்வெளியிலும் தடுப்பு ஆயுதங்களை வைக்க வேண்டும் என்றது. அதற்கு அவர் சொன்ன செலவு 175 பில்லியன் டாலர். தம் பதவிக் காலத்திற்குள் முடியும் என்றும் சொன்னார். மீண்டும் ஒரு நாள் குறிப்பு.

இஸ்ரேலின் இரும்புக் கூரை வேலை செய்கிறதே, இது ஏன் முடியாது என்று நேயர்கள் கேட்கலாம். இரும்புக் கூரை தடுப்பது, சில பத்து கிலோ மீட்டர் தூரம் காற்று மண்டலத்திற்குள் பறக்கும் சிறு ராக்கெட்டுகளை. அவற்றின் வேகமும் குறைவு, ஏமாற்றுப் பலூனுக்கும் அங்கே வழியில்லை. இரண்டும் ஒரே பெயரைப் பகிர்ந்து கொள்ளலாம். வேலை ஒன்றல்ல.

எதிர்த்தரப்பு என்ன செய்தது?

2018 மார்ச் முதல் தேதி ரஷ்ய அதிபர் புட்டின், வளைந்து நெளிந்து பறக்கும் அவன்கார்ட், தென் துருவம் வழியாகவும் வரக்கூடிய சர்மாட் ஆகிய ஆயுதங்களை அறிமுகப்படுத்தினார். அமெரிக்கா 2002-இல் ஏபிஎம் உடன்படிக்கையை விட்டு விலகியதே இதற்குக் காரணம் என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அவர் சொல்லும் காரணத்தை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனால், 1972-இல் கையெழுத்திட்டவர்கள் அஞ்சியது இதைத்தான் என்பதை மறுக்க முடியாது. வட கொரியாவும் நிற்கவில்லை. 2017-இல் கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணையைச் சோதித்தது. 2023-இல் விரைவாக ஏவக்கூடிய திட எரிபொருள் வகையையும் சோதித்தது.

தென்கிழக்காசியாவில் வாழும் நமக்கு இதில் என்ன பங்கு என்றால், நம் வட்டார நாடுகள் 1995-இல் பேங்காக்கில் கூடி, இவ்வட்டாரம் அணு ஆயுதமற்றதாக இருக்க வேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டன. நம்மிடம் அம்பும் இல்லை, கேடயமும் இல்லை. ஆனால், கேடயத்தை நம்பி யாராவது முதல் அம்பை விட்டால், அதன் விளைவு அவர்கள் எல்லைக்குள் நிற்காது.

பாடம் என்ன?

இந்த 70 ஆண்டு வரலாற்றில் பொறியாளர்கள் தோற்றுவிட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 1962-இல் 2 கிலோ மீட்டர் தள்ளிப் போனதே வெற்றி எனப்பட்டது. பின்னர் 64 கிலோ கலம் நேருக்கு நேர் மோதிக் காட்டியது. அது சாதாரணச் சாதனை அல்ல. குறியைத் தொடுமா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. குறி எது என்ற கேள்விக்குத்தான் 1968-இல் பெத்தேயும் கார்வினும் எழுதியதிலிருந்து இன்றுவரை உறுதியான பதில் வரவில்லை.

அந்தப் பதில் வருவதற்குள் நாள் குறித்துவிடுவதே திரும்பத் திரும்ப நடந்த தவறு. வீட்டுக்குப் பூட்டு வாங்கினால்கூட, நான்கு முறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் கடையை விட்டு வருகிறோம். ஒரு நாட்டின் மக்களுக்கு "நீங்கள் பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று சொல்வதற்கு முன், ஏமாற்றுப் பலூன்களோடும், முன்னறிவிப்பு இல்லாமலும், இரவிலும் பகலிலும் சோதித்துப் பார்ப்பது குறைந்தபட்ச நேர்மை. சோதனையில் என்ன தெரிந்ததோ, அதை அப்படியே மக்களிடம் சொல்வது அதற்கடுத்த நேர்மை. புதிய தடுப்பு ஏவுகணை வெல்லுமா, தோற்குமா என்பதைத் தொழிற்சாலை பாதி முடிவு செய்யும். மீதியை முடிவு செய்வது இந்த நேர்மைதான்.

அடுத்த முறை ஏதாவது ஒரு நாட்டின் தலைவர் "எங்களிடம் கவசம் இருக்கிறது" என்று செய்தியில் சொல்லக் கேட்டால், நேயர்களே, ஒரு கேள்வியை மனத்தில் எழுப்பிப் பாருங்கள்: எதை வைத்துச் சோதித்தீர்கள்?